மழை லீவுக்கு ஒரு புதிர் விளையாட்டு: லேட்டனா, மற்றவையா?

நீலகிரியில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மழைக்காலம் என்றால் ஒரு தனிக் கணக்கு உண்டு. கூடலூர், பந்தலூர், மஞ்சூர்ப் பக்கம் அது ஜூலை, ஆகஸ்ட்டில் வரும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். கலெக்டர் லீவு விடுவார். எங்கோ ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாயும், கரன்ட் போகும். டவரில் பேட்டரி தீர்ந்ததும் நெட்டும் போகும். அதற்கப்புறம் ஃபோனில் உள்ள யூடியூப், ஆன்லைன் சண்டை விளையாட்டு எல்லாம் திறக்காத படங்கள்தான். அந்த நேரத்துக்கென்றே ஒரு விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதானால் எதை வாங்கலாம் என்று அக்கம்பக்கத்தில் பலரும் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புதிர்-சாகசம் என்ற வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதை ஒன்று நடக்கும், நடுநடுவே புதிர் வழிமறிக்கும், அவிழ்த்தால்தான் மேலே போகலாம். வேகமான விரல் தேவையில்லை. அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். நெட் இல்லாமல் ஓட வேண்டும், நடுவில் விளம்பரம் வரக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை வைத்துச் சலித்தால் என் கையில் மிஞ்சுவது நான்கு: பேராசிரியர் லேட்டன் வரிசையின் முதல் விளையாட்டு, மெஷினேரியம், கோஸ்ட் ட்ரிக், தி ரூம். ஒரு பிள்ளை விளையாடும்போது மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதை வைத்துத்தான் இவற்றை வரிசைப்படுத்துகிறேன். நான்கும் இன்று ஃபோனில் கிடைக்கின்றன. விலையில் தி ரூம் மிகக் குறைவு. கோஸ்ட் ட்ரிக் எல்லாவற்றையும்விடக் கூடுதல்.

லேட்டனைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஜப்பானின் ஃபுகுவோகாவில் உள்ள லெவல்-5 நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக இதை 2007இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் 2008இல் வந்தது, பெயர் ‘கியூரியஸ் வில்லேஜ்’. உயரமான தொப்பி போட்ட பேராசிரியரும் லூக் என்ற பையனும் ஒரு விநோதமான கிராமத்துக்குப் போகிறார்கள். செத்துப்போன செல்வந்தர் ஒருவர் தங்க ஆப்பிளைக் கண்டுபிடிப்பவருக்கே சொத்தெல்லாம் என்று உயில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஊரில் யாரிடம் வழி கேட்டாலும், முதலில் இந்தப் புதிருக்குப் பதில் சொல் என்பார்கள். கதைக்குள் இருக்கும் புதிர்கள் மட்டும் நூற்றுக்கும் மேல்.

இந்தப் புதிர்களுக்குப் பின்னால் இருந்தவர் அகிரா டாகோ என்ற உளவியல் பேராசிரியர். 1966இலிருந்து ஜப்பானில் லட்சக்கணக்கில் விற்ற மூளைப் பயிற்சிப் புத்தகங்களை எழுதியவர். அதனால் இங்குள்ள பெரும்பாலான புதிர்கள் கம்ப்யூட்டருக்காகச் செய்தவை அல்ல. காகிதத்திலும் திண்ணையிலும் வெகுகாலம் வாழ்ந்துவிட்டுத் திரைக்கு வந்தவை. ஓநாய் மூன்று, கோழிக்குஞ்சு மூன்று, ஒரு தெப்பம். ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் ஏறலாம். எந்தக் கரையிலும் குஞ்சுகளைவிட ஓநாய்கள் கூடிவிட்டால் கதை முடிந்தது. என் மாமியார் இதைக் கேட்டதும், ‘நம்ம புலி, ஆடு, புல்லுக்கட்டுதானே’ என்று கிட்டே வந்து உட்கார்ந்துவிட்டார். அதைவிடக் கஷ்டம் இது. நம் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஏழு நடையில் கரை சேர்த்துவிடலாம், இதற்குக் குறைந்தது பதினொன்று வேண்டும். நடுவில் ஓரிடத்தில், கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைத் திரும்பவும் இக்கரைக்குக் கூட்டிவர வேண்டியிருக்கும். அங்கேதான் எல்லோரும் மாட்டுவார்கள்.

விளையாட்டுக்காரர்கள் லேட்டன் மேல் வைக்கும் முதல் குறை, புதிருக்கும் கதைக்கும் ஒட்டுறவே இல்லை என்பது. நியாயமான குறைதான். கொலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர், அதிருக்கட்டும், இந்தத் தீக்குச்சியை நகர்த்திக் காட்டுங்கள் பார்ப்போம் என்பார். சீரியலில் சரியான கட்டத்தில் சோப்பு விளம்பரம் வருவதைப் போல. தனியாக உட்கார்ந்து விளையாடும் பெரியவருக்கு இது எரிச்சலாக இருக்கும் என்பதை மறுக்கமாட்டேன்.

ஆனால் நம் வீட்டுத் தேவைக்கு இந்தக் குறையே பெரிய பலம் என்பது என் கட்சி. கதையோடு ஒட்டாத புதிரைத் திரையிலிருந்து கழற்றி எடுத்துவிடலாம். நிறைந்த ஜாடி ஒன்றில் எட்டு பங்கு பழச்சாறு, காலியாக ஐந்து பங்கு ஜாடி ஒன்று, மூன்று பங்கு ஜாடி ஒன்று. சரிபாதியாக நாலும் நாலுமாகப் பிரி என்று ஒரு புதிர். இதற்கு ஃபோன் எதற்கு? சமையலறையில் மூன்று பாத்திரமும் அளக்க ஒரு டம்ளரும் இருந்தால் போதும். எட்டிலிருந்து ஐந்தை நிரப்பு, ஐந்திலிருந்து மூன்றை நிரப்பு, மூன்றை எட்டில் கொட்டு என்று போனால் ஏழாவது ஊற்றலில் இரண்டு பக்கமும் நாலு நாலு நிற்கும். ஃபோன் ஐந்து சதவீதத்துக்கு இறங்கிய பின்னும் பிள்ளைகள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். தரை நனையும், அது வேறு விஷயம். மற்ற மூன்று விளையாட்டுகளிலும் சார்ஜ் போனால் புதிரும் போய்விடும். தி ரூமில் திறக்க வேண்டிய பெட்டியை யாரும் வாயால் விவரித்து அடுத்தவரை யோசிக்க வைக்க முடியாது.

கரன்ட் போன இரவுக்கென்றே எழுதியது போல் இன்னொன்று இருக்கிறது. பத்து மெழுகுவத்தி எரிகின்றன. காற்றில் இரண்டு அணைகின்றன, பிறகு வந்து பார்த்தால் இன்னொன்றும் அணைந்திருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். வேறெதுவும் அணையவில்லை. கடைசியில் எத்தனை மெழுகுவத்தி மிஞ்சும்? ஏழு என்று கத்துகிறவர்கள் பாதி, பத்து என்று சண்டை பிடிக்கிறவர்கள் மீதி. விடை மூன்று. எரிந்தவை எல்லாம் உருகித் தீர்ந்துவிடும், அணைந்தவைதான் மிஞ்சும். இதைக் கேட்டு மகிழ்கிற பிள்ளையும் உண்டு, ஏமாற்று வேலை என்று ஃபோனைத் தள்ளிவிடுகிற பிள்ளையும் உண்டு. இந்த மாதிரி வாய்ச்சாமர்த்தியக் கேள்விகள் லேட்டனில் கொஞ்சம் அதிகம் என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கை எதிர்பார்த்துப் போனால் வார்த்தையில் கால் இடறும்.

அங்கேதான் உண்மையான பலவீனம் வருகிறது. விளையாட்டு முழுவதும் ஆங்கிலம், அதுவும் நிறைய. கேள்வியின் ஒரு சொல்லில் தந்திரம் ஒளிந்திருக்கும்போது, அந்தச் சொல் புரியாத பிள்ளைக்குத் தோற்றதுகூட ஏன் என்று தெரியாது. தமிழ் வழியில் ஐந்தாவது படிக்கிற பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டால் கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொல்ல அக்காவோ அம்மாவோ தாத்தாவோ ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் குறை பாதியாகிவிடும். எங்கள் வீட்டில் மகள் வாசிக்கிறாள், மகன் தொடுகிறான், மாமியார் விடை சொல்கிறார். படித்துச் சொல்பவர் கேள்வியைத் தன் இஷ்டத்துக்கு எளிதாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குறிப்புக் காசு என்ற ஏற்பாடு நன்றாக இருக்கிறது. தெருவில் தெரியும் விளக்குக் கம்பம், ஜன்னல், பூந்தொட்டி என்று எதையாவது தொட்டால் சில இடங்களில் காசு கிடைக்கும். ஒரு புதிருக்கு மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு. காசுகள் அளவோடுதான் இருக்கின்றன என்பதால் பிள்ளைகள் உடனே செலவழிக்கமாட்டார்கள். ‘வேண்டாம்டா, இன்னும் கொஞ்சம் யோசிப்போம்’ என்று பெரியவள் சின்னவனைத் தடுப்பதை நீங்களே கேட்பீர்கள். தப்பாகச் சொன்னால் புதிரின் மதிப்பெண் குறையும், ஆனால் கதை நின்றுவிடாது. பிடிக்காத புதிரை விட்டுவிட்டும் போகலாம். தவறவிட்டவற்றை ஒரு பாட்டி சேர்த்து வைத்திருப்பார், பிறகு வந்து போடலாம். சில இடங்களில் மட்டும் இத்தனை புதிர் முடித்திருந்தால்தான் வழி என்று நிற்க வைப்பார்கள். இழுவைப் புதிர்கள், அதாவது கட்டைகளை நகர்த்தி ஒன்றை வெளியே எடுப்பவை, எனக்குச் சலிப்பூட்டின. யோசனையைவிடப் பொறுமையைத்தான் கேட்கின்றன. கதையும் முன்பாதியில் ஆமை வேகம்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஃபோன் கடையில் லேட்டன் என்று தேடினால் பல வரும். நான் சொல்வது 2018இல் ஃபோனுக்குப் புதுப்பித்து வந்த ‘கியூரியஸ் வில்லேஜ்’ ஹெச்டி. 2017இல் வந்தது வேறு, அது லேட்டனின் மகள் கேட்ரியலின் கதை. அதில் பளபளப்பு கூடுதல், புதிர்கள் மெலிவு. டாகோ 2016இல் காலமாகிவிட்டார், அந்த இடம் வெற்றிடமாகவே தெரிகிறது. முதலில் அதை வாங்கிவிட்டு, லேட்டன் என்றால் இவ்வளவுதானா என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்றால்? அப்போது மெஷினேரியம். செக் நாட்டு அமனிடா டிசைன் 2009இல் செய்தது. துரு ஏறிய இயந்திர நகரம், அதிலிருந்து குப்பைமேட்டில் தூக்கி எறியப்பட்ட ஒரு குட்டி ரோபோ, அது திரும்பி உள்ளே போக வேண்டும். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தலைக்கு மேல் குமிழியில் கோட்டோவியமாக யோசிக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் படிக்காத பாட்டிக்கும் இங்கே ஒரே தரை. எல்லாப் படமும் கையால் வரைந்தது. ஒவ்வொரு திரையையும் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம். இசையைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.

குறை எங்கே என்றால், ரோபோ ஒரு பொருளின் பக்கத்தில் போய் நின்றால்தான் அதைத் தொட முடியும். சிலவற்றுக்கு அது கழுத்தை நீட்டி உயரமாக வேண்டும், சிலவற்றுக்குச் சுருங்க வேண்டும். எதைத் தொடலாம் என்று தூரத்திலிருந்து தெரியாது. சின்ன ஃபோன் திரையில் இது தேடு தேடு என்று தேட வைத்துவிடும். டேப்லெட் இருந்தால் மேல். மதுக்கடை ஒன்றில் ஒரு ரோபோவோடு ஐந்தை வரிசையில் வைக்கும் ஆட்டம் ஆடி ஜெயிக்க வேண்டும். அங்கே சின்னப் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள், பெரியவர் ஒருவர் ஜெயித்துக் கொடுப்பது நல்லது. முழு விடையும் ஒரு புத்தகமாக உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சுடும் விளையாட்டு ஆட வேண்டும். சோம்பேறித்தனத்துக்கு வைத்த வரி என்று எனக்கு இது பிடித்திருக்கிறது. பிள்ளைகளுக்கோ அந்தச் சுடும் விளையாட்டே பிடித்துப்போய், தேவையில்லாமலும் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

நான்கிலும் மிகச் சிறந்த கதை எது என்று கேட்டால் யோசிக்காமல் கோஸ்ட் ட்ரிக் என்பேன். கேப்காம் நிறுவனத்துக்காக ஷூ டகூமி எழுதி இயக்கியது; டிஎஸ்ஸில் 2010இல் வந்தது, 2023இல் புதுப்பித்துப் பெரிய கருவிகளுக்கும், பிறகு ஃபோனுக்கும் வந்தது. நீங்கள் செத்துவிட்டீர்கள், யார் கொன்றார்கள் என்று நினைவில்லை, விடிவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவியாக ஒரு பொருளிலிருந்து பக்கத்துப் பொருளுக்குத் தாவலாம், அதை அசைக்கலாம். ஒருவர் செத்தால் அவர் சாவதற்கு நான்கு நிமிடம் முன்னால் போய் விதியை மாற்றலாம். தொலைபேசிக் கம்பி வழியாக ஊர் விட்டு ஊர் போகலாம். லேட்டனில் நாம் குறை சொன்ன ஒட்டாமை இங்கே துளியும் கிடையாது, புதிர்தான் கதை. மிஸைல் என்று ஒரு குட்டி நாய் வரும். அதைப் பற்றி வேறெதுவும் சொல்லக்கூடாது.

இருந்தும் மழை லீவுக்கு இதை முதலில் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பொருளும் என்ன செய்யும் என்பதை ஒருமுறை அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே யோசித்து விடை கண்டுபிடிப்பதைவிட, தோற்று, திரும்ப ஓட்டி, நேரம் பார்த்துத் தட்டுவதுதான் அதிகம். பக்கத்தில் இருப்பவர் பார்வையாளர்தான். ஒரே ஒரு வழிதான் சரி, அதனால் முடித்தபின் மறுபடி எடுக்கத் தோன்றாது. துப்பாக்கியும் சாவும் திரும்பத் திரும்ப வருகின்றன, நகைச்சுவையாகத்தான் என்றாலும் வருகின்றன. ஆங்கிலமும் லேட்டனைவிடப் பேச்சுவழக்காக ஓடும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற, கதைப்புத்தகத்தைக் கீழே வைக்காத பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

தி ரூமுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் உள்ள ஃபயர்ப்ரூஃப் 2012இல் ஐபேடுக்காகச் செய்தது. அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டு என்ற விருது வாங்கியது. விநோதமான ஒரு பெட்டி, அதில் பூட்டுகள், ரகசிய அறைகள், சக்கரங்கள். விரலால் திருப்பி, இழுத்து, ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்துத் திறக்க வேண்டும். மரமும் பித்தளையும் கையில் படுவது போலவே இருக்கும். திணறினால் குறிப்பு தானாக வரும், காசும் இல்லை. ஆனால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும், வெளிச்சம் குறைந்த படம், பின்னணி ஓசை கொஞ்சம் மிரட்டும். பிள்ளைகள் தூங்கியபின் பெரியவர் ஒருவர் தனியாக விளையாடச் சரியான பொருள்.

எந்தக் கருவியில் என்பது அடுத்த கேள்வி. இருக்கிற ஃபோன் போதும் என்பதுதான் பெரும்பாலோருக்குப் பதில். ஆனால் பழைய டிஎஸ்ஸுக்கு மலையில் ஒரு சிறப்பு உண்டு. அதன் தொடுதிரை விரலின் மின்கடத்தலை எதிர்பார்ப்பதில்லை, அழுத்தத்தைத்தான் எதிர்பார்க்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஊட்டியில் கம்பளிக் கையுறையோடு அதன் தொடுகுச்சியைப் பிடித்து விளையாடலாம். ஃபோனில் அது நடக்காது. மூடியைச் சாத்தினால் அப்படியே தூங்கும், திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும். யூடியூப் கிடையாது என்பதை நான் சொல்லவே வேண்டாம். லேட்டன், கோஸ்ட் ட்ரிக் இரண்டும் அதற்காகவே செய்தவை. மேல்திரையில் கேள்வி, கீழ்திரையில் விடை என்ற அமைப்பு ஃபோனில் வந்தபின் சற்று இடுங்கித்தான் போயிருக்கிறது.

உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற கருவி அது, ஆனால் புதிதாகச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில்தான் வாங்க வேண்டும், கோவையிலோ ஆன்லைனிலோ. டிஎஸ் லைட் மாடலில் மூடியின் கீல் விரிசல் விட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜர் கூட வருகிறதா என்று கேளுங்கள். நம் ஃபோன் சார்ஜர் அதற்குப் பொருந்தாது. சாதாரண டிஎஸ் கேட்ரிட்ஜ், அதாவது விளையாட்டு அடங்கிய சின்ன அட்டை, எந்த நாட்டில் வாங்கியதானாலும் ஓடும், அந்தக் கவலை வேண்டாம். போலி கேட்ரிட்ஜ்தான் கவலை. விளையாடியதைச் சேமிக்காமல் கழுத்தறுக்கும். டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் கருவி கிடைத்தால் அதிலும் இதே கேட்ரிட்ஜ்கள் ஓடும். அதன் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டதால் டவுன்லோடு பற்றிப் பேசும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறும்போது பிள்ளையை அமைதியாக வைக்க இதை வாங்குகிறேன் என்பவர்களுக்கு: வேண்டாம். கல்லாறு தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் திரையைக் குனிந்து பார்த்தால் மூன்றாவது வளைவில் பாலிதீன் கவர் தேடுவீர்கள், அதுவும் நம் மாவட்டத்தில் தடை. மலை ரயில் என்றால் பரவாயில்லை. ஊட்டிக்கு ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும், வண்டியின் ஆட்டம் மெதுவானது. ஆனால் அங்கே ஜன்னல் இருக்கும்போது ஃபோன் எதற்கு.

ஆக, ஆங்கிலம் வாசித்துச் சொல்ல ஒருவரும் கேட்க இரண்டு மூன்று பேரும் உள்ள வீடு என்றால் லேட்டன், ஃபோனிலேயே. சின்னப் பிள்ளை தனியாக விளையாட வேண்டும் என்றால் மெஷினேரியம், முடிந்தால் டேப்லெட்டில். ஒரே பிள்ளை, பதின்மூன்றைத் தாண்டியது, கதைப் பைத்தியம் என்றால் கோஸ்ட் ட்ரிக். இந்த வகை வீட்டில் யாருக்காவது பிடிக்குமா என்றே தெரியவில்லை என்றால் தி ரூமை வாங்கிச் சோதித்துவிட்டு அப்புறம் மேலே போங்கள், நஷ்டம் பெரிதில்லை.

எதை வாங்கினாலும் மழைக்கு முன்னால், நெட் நன்றாக வரும் நாளில் இறக்கி, ஒருமுறை திறந்து, முதல் காட்சி வரை போய்ப் பாருங்கள். நிறுவியபின் முதல் தடவை திறக்கும்போது மிச்சக் கோப்புகளை இறக்கக் கேட்கும் விளையாட்டுகள் உண்டு. பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டு மறுபடி திறந்து பாருங்கள். அதிலும் ஓடினால், பவர் பேங்கை முழுதாக சார்ஜ் செய்து வைப்பதுதான் பாக்கி.